தெகார்த் முதல் மில் வரை இலவசமாக: இயர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் தளம் எங்கே உதவும், எங்கே கைவிடும்

மேற்கத்திய நவீனத் தத்துவத்தை மூலநூல்களிலேயே படித்துவிடுவோம் என்று உட்காரும் பலர் இருபதாவது பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். தத்துவம் அவர்களை விரட்டுவதில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலம்தான் விரட்டுகிறது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். நடுவே மூன்று கிளை வாக்கியங்கள் நுழைந்து, எழுவாய் எங்கே போனது என்று தேட வைக்கும். பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்த நமக்கு இது இரட்டைச் சுமை. இன்றைய ஆங்கிலமே கற்றுக்கொண்ட மொழி. லாக்கின் ஆங்கிலம் அதற்கும் அப்பால் இன்னொரு மொழி.

இந்தச் சிக்கலுக்காகவே ஒருவர் வேலை செய்து வைத்திருக்கிறார். நியூசிலாந்தில் 1930இல் பிறந்த ஜொனாதன் பென்னட், கேம்பிரிட்ஜிலும் கனடாவிலும் அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் பற்றி 1966லும் 1974லும் இரண்டு நூல்கள் எழுதியவர். லைப்னிட்ஸ் லாக்குக்கு எழுதிய நீண்ட மறுமொழியைப் பீட்டர் ரெம்னன்ட்டுடன் சேர்ந்து 1981இல் மொழிபெயர்த்தவர். அவர் 1994இல் ஒரு கட்டுரையில் கேட்டது எளிய கேள்வி: ஜெர்மன் மாணவர் ஹியூமைத் தன் காலத்து ஜெர்மனில் படிக்கிறார், பிரெஞ்சு மாணவரும் அப்படியே, ஆங்கில மாணவர் மட்டும் ஏன் பழைய ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? லாக், பெர்க்லி, ஹியூம் மூவரையும் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே மொழிபெயர்க்கலாமே என்றார். ஓய்வுபெற்ற பிறகு அதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். 2024இல் அவர் காலமானபோது விட்டுச்சென்றதுதான் இயர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் என்ற இந்த இணையதளம். கட்டணம் கிடையாது, உறுப்பினர் பதிவும் கிடையாது. ஆசிரியர் பெயரைத் தட்டி, நூலைத் தேர்ந்து, கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.

பென்னட்டின் கோப்பைத் திறந்ததும் முதலில் கற்க வேண்டியது அவருடைய குறிகள். இவற்றைக் கவனிக்காமல் படிப்பவர்கள்தான் பிறகு தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது பென்னட்டின் விளக்கம். வரியின் நடு உயரத்தில் இரண்டு சின்னப் புள்ளிகளுக்கு நடுவே இருப்பது பென்னட் சேர்த்த சொற்கள். ஆனால் மூல ஆசிரியர் சொன்னதுபோலவே அதைப் படித்துக்கொண்டு போகலாம். ‘ஆன்மா ·உடலைச் சாராத· ஒரு பொருள்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொண்டால், ‘உடலைச் சாராத’ என்பது மூலத்தில் இல்லை என்று பொருள். நான்கு புள்ளிகள் வரிசையாக வந்தால், பயனைவிடச் சிரமம் அதிகம் என்று கருதிய ஒரு சிறு பகுதியை அவர் விட்டுவிட்டார் என்று அர்த்தம். நீண்ட பகுதியை விட்டிருந்தால் அதைச் சதுர அடைப்புக்குள் சொல்லிவிடுவார். பட்டியல்போலப் பிரித்து வைத்திருக்கும் இடங்களும் உள்தள்ளிய பத்திகளும் பெரும்பாலும் அவருடைய ஏற்பாடு; வாதத்தின் எலும்புக்கூடு தெரிவதற்காகச் செய்தவை.

அந்தச் சின்னப் புள்ளிகளில் ஒரு நடைமுறை ஆபத்து உண்டு. கைபேசித் திரையில் அவை கண்ணுக்கே படுவதில்லை. உரையை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டும்போதோ, மொழிபெயர்ப்புச் செயலியில் போடும்போதோ அவை எளிதில் தொலைந்துவிடும். அதன்பின் எது தெகார்த் எழுதியது, எது பென்னட் சேர்த்தது என்று பிரிக்க வழியே இல்லை. நகலெடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஒட்டிய உடனே மூலக் கோப்போடு ஒப்பிட்டு, சேர்த்த சொற்களுக்கு அடிக்கோடு இட்டுவிடுவது நல்லது.

இப்போது ஓர் இடத்தை நெருங்கிப் பார்ப்போம். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் 1641இல் லத்தீனில் வெளியிட்ட ‘தியானங்கள்’ என்ற நூலின் முதல் தியானம். புலன்கள் சில சமயம் ஏமாற்றுகின்றன. ஆனாலும் இங்கே நெருப்பருகே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை எப்படிச் சந்தேகிப்பது? ஆனால் கனவிலும் இப்படித்தானே தோன்றுகிறது? சரி, கனவே என்றாலும் வடிவம், எண்ணிக்கை போன்றவை உண்மைதானே? இப்படி ஒரே மனம் முன்னும் பின்னும் ஊசலாடும் பகுதி இது. பென்னட் இதை இருவர் உரையாடலாக மாற்றி, ஒருவருக்கு ‘நம்பிக்கையாளர்’ என்றும் மற்றவருக்கு ‘ஐயுறுபவர்’ என்றும் பொருள்படும் பெயர்களை வைத்திருக்கிறார். தெகார்த் இப்படி எழுதவில்லை என்று சதுர அடைப்புக்குள் நேர்மையாகச் சொல்லியும் விடுகிறார்.

முதல்முறை படிப்பவருக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. பழைய மொழிபெயர்ப்புகளில் ‘ஆனால்’, ‘ஆயினும்’, ‘இருப்பினும்’ என்று பத்திக்குள் பத்தியாக ஓடுவதில், எந்த வரி சந்தேகத்தின் பக்கம், எந்த வரி அதற்கு எதிர்ப்பக்கம் என்பதே பிடிபடாது. இங்கே பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் இழப்பு சிறியதல்ல. தெகார்த் லா ஃபிளேஷில் இயேசு சபையார் பள்ளியில் படித்தவர். தியானம் என்ற வடிவத்தை அவர் காரணத்தோடுதான் எடுத்தார். தனியே அமர்ந்த ஒரு ‘நான்’ ஒவ்வொரு நம்பிக்கையாகக் கழற்றிப் போட வேண்டும். வாசகரும் அந்த ‘நானாக’ மாறி அதையே செய்ய வேண்டும். இரண்டாம் தியானத்தில் ‘நான் இருக்கிறேன்’ என்று வந்து நிற்பது அந்தத் தனிமையின் விளைவு. அறைக்குள் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டால், ‘நான் இருக்கிறேன்’ என்பது யாருடைய நான்? இந்தக் கேள்வியே எழாமல் கடந்துபோகிறவர்கள், தெகார்த்தின் மிகப் பெரிய அடியைத் தவற விடுகிறார்கள். தேர்வுத்தாளில் ‘தெகார்த் உரையாடல் வடிவில் எழுதினார்’ என்று எழுத நேர்வதும் இதனால்தான். உண்மையான உரையாடல் வேண்டுமென்றால் பெர்க்லி 1713இல் வெளியிட்டதும், ஹியூம் இறந்தபின் 1779இல் வெளிவந்த சமயம் பற்றியதும் இதே தளத்தில் இருக்கின்றன.

இன்னொரு இடம் மூன்றாம் தியானம். கடவுள் இருப்பை நிறுவும் வாதம் முழுக்க இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. லத்தீனிலிருந்து வந்த வழக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பில் அவை ‘ஃபார்மல் ரியாலிட்டி’, ‘அப்ஜெக்டிவ் ரியாலிட்டி’. தமிழ் வாசகர் இங்கே விழுவது நிச்சயம். அப்ஜெக்டிவ் என்றதும் ‘புறவயமான’ என்று மனம் தானாக மொழிபெயர்த்துவிடும். அப்படிப் படித்தால் வாதம் தலைகீழாகிவிடும், ஏனென்றால் அந்தக் காலத்து வழக்கில் பொருள் நேர் எதிர். வானத்தில் சூரியன் உண்மையில் இருக்கிறதே, அது அதன் ஃபார்மல் இருப்பு. சூரியனைப் பற்றிய எண்ணத்துக்குள் சூரியன் காட்டப்படும் விதமாக இருக்கிறதே, அதுதான் அப்ஜெக்டிவ் இருப்பு. அதாவது நாம் இன்று அகவயம் என்று சொல்லும் பக்கத்தில் அது இருக்கிறது. தெகார்த்தின் வாதம் இதுதான்: ஓர் எண்ணம் எவ்வளவு காட்டுகிறதோ, குறைந்தது அவ்வளவு உண்மையான இருப்பாவது அதன் காரணத்தில் இருக்க வேண்டும்; எல்லையற்ற ஒன்றைக் காட்டும் எண்ணம் என்னிடம் இருக்கிறது; எல்லைக்குட்பட்ட நான் அதற்குக் காரணமாக முடியாது.

பென்னட் இந்தச் சொற்களையே தூக்கிவிட்டு, ‘இன்ட்ரின்சிக்’, ‘ரெப்ரசென்டேட்டிவ்’ என்று போட்டார். ஒரு பொருளுக்குத் தன்னளவில் உள்ள இருப்பு, ஓர் எண்ணம் காட்டுவதன் இருப்பு. குழப்பம் ஒரே அடியில் போய்விட்டது. தமிழில் இந்த வாதத்தை எழுதுகிறவர்களும் ‘புறவய உண்மை’ என்று எழுதுவதை விட்டு, ‘எண்ணம் காட்டும் இருப்பு’ போன்ற ஒன்றை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் இவரைப் படித்துவிட்டு ஆய்வுக்கட்டுரை எதையாவது திறந்தால், அங்கே பழைய சொற்கள்தான் இருக்கும். இது அதுதான் என்று இணைக்கத் தெரியாமல் திகைப்பு வரும். தெகார்த் இந்தச் சொற்களைத் தன் காலத்து ஸ்கொலாஸ்டிக் தத்துவ மரபிலிருந்து எடுத்தார் என்ற வரலாறும் பென்னட்டின் பக்கத்தில் தெரியாது.

ஆகவே மூன்றாம் தியானத்துக்கு இந்த வரிசை நன்றாக வேலை செய்யும். முதலில் பென்னட்டை ஒரே அமர்வில், குறிப்பெடுக்காமல், முடிவு வரை. இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பென்னட்டின் சொல், வலப்பக்கம் காலியிடம். மூன்றாவதாக ஒரு மரபான மொழிபெயர்ப்பு. 1984இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட காட்டிங்ஹாம் முதலானோரின் பதிப்பு கிடைத்தால் சிறப்பு, கிடைக்காவிட்டால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜான் வீச்சின் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு போதும். அதைப் பார்த்து வலப்பக்கத்தை நிரப்ப வேண்டும். கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களுக்கு வாதம் தெரியும். ஆனால் அதைப் பற்றி வேறு யாரோடும் பேச முடியாது.

மேற்கோள் எண்கள் இந்தத் தளத்தின் பலவீனமான பக்கம். தெகார்த் ஆய்வில் உலகம் முழுவதும் ஆதாம், தானரி இருவரும் பாரிஸில் பதிப்பித்த தொகுப்பின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும்தான் சொல்வார்கள். தியானங்களின் லத்தீன் மூலம் அதில் 7ஆம் தொகுதி. பென்னட்டின் தியானங்கள் கோப்பில் அந்த எண்கள் இல்லை. கோப்பின் சொந்தப் பக்க எண்ணைக் கட்டுரையில் போட்டால் யாருக்கும் பயன்படாது. காட்டிங்ஹாம் பதிப்பில் அந்த எண்கள் ஓரத்திலேயே இருக்கும். ஆசிரியரே எண்ணிட்ட நூல்களில் இந்தத் தொல்லை இல்லை: ஸ்பினோசாவுக்குப் பாகமும் கூற்று எண்ணும், லாக்குக்குப் புத்தகம், இயல், பிரிவு, லைப்னிட்ஸின் மோனடாலஜிக்கு 90 பத்தி எண்கள், பெர்க்லிக்குப் பிரிவு எண். இவற்றை இந்தக் கோப்பிலிருந்தே சொல்லலாம். ஆனால் சொற்களை எடுத்து மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. மேற்கோள் குறிக்குள் வருவது மூலத்தின் சொற்களாகவோ, ஒப்புக்கொள்ளப்பட்ட மொழிபெயர்ப்பின் சொற்களாகவோ இருக்க வேண்டும்.

யாரை இங்கே படிக்கலாம், யாரைப் படிக்க வேண்டாம்? லாக்குக்கு இந்தத் தளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். அவர் கருத்து நன்று, நடை பாரம். ஒன்றையே மூன்று முறை சொல்வார். பென்னட் நிறையச் சுருக்கியிருப்பது பெரும்பாலும் லாபமே. ஸ்பினோசாவுக்கும் லைப்னிட்ஸுக்கும் எப்படியும் மொழிபெயர்ப்புதான், ஆகவே முதல் வாசிப்புக்கு இது நன்றாகவே பொருந்தும்.

ஹியூமுக்கு மட்டும் வேண்டாம். ஹியூமின் ஆங்கிலம் தெளிவானது, அவருடைய வாதத்தில் பாதி தொனியில் இருக்கிறது. அற்புதங்கள் பற்றிய பகுதியின் முடிவில், கிறிஸ்தவத்தை நம்ப இன்றுகூட ஓர் அற்புதம் தேவைப்படுகிறது என்று பணிவோடு சொல்வதுபோல அவர் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதன் கூர்மை சொல்லடுக்கிலேயே இருக்கிறது. அடுக்கைக் கலைத்து எழுதினால் கூர்மை போய்விடும். ஹியூமுக்குத் தனியே ஓர் இலவசத் தளம் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் மில்லிகனும் அமியாஸ் மெரிவேலும் அமைத்தது. பத்தி எண்களோடு முழு மூலமும் அங்கே உண்டு. ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று மனித இயல்பு பற்றிய தன் பெருநூலில் ஹியூம் கேட்கும் புகழ்பெற்ற பத்தியின் முகவரி 3.1.1.27, அதாவது மூன்றாம் புத்தகம், முதல் பாகம், முதல் பிரிவு, 27ஆம் பத்தி. பென்னட் பத்திகளை உடைத்தும் சேர்த்தும் எழுதுவதால் அவர் கோப்பில் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

காண்ட் விஷயத்தில் பென்னட் கூடுதல் கவனம் எடுத்திருக்கிறார். தூய பகுத்தறிவு பற்றிய விமர்சனம் 1781இலும் பெரிதும் திருத்தப்பட்டு 1787இலும் வந்தது. முதல் பதிப்பை ‘ஏ’ என்றும் இரண்டாவதை ‘பி’ என்றும் குறிப்பது வழக்கம். பென்னட்டின் உரை ‘பி’யைப் பின்பற்றுகிறது. ஓரத்தில் வெறும் எண் இருந்தால் அது ‘பி’யின் பக்கம், ‘பி’யில் இல்லாத பகுதிகளுக்கு மட்டும் ‘ஏ’ சேர்த்து எண் வரும். ஆகவே ஏதாவது ஒரு கட்டுரை, ‘நான் நினைக்கிறேன்’ என்பது என் எல்லா மனக்காட்சிகளோடும் கூட வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு பி 131 என்று சுட்டினால், நேராக ஓரத்தைப் பார்த்துப் போய்விடலாம். எண்ணுக்கு முன் இரண்டு புள்ளி இருந்தால், அந்தப் பக்கம் விடுபட்ட பகுதிக்குள் தொடங்கியது என்று பொருள். அங்கே வேறு பதிப்பைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு சொல்லைப் பற்றி இங்கேயும் எச்சரிக்கை தேவை: காண்ட்டின் ‘இன்ட்யூஷன்’ என்ற சொல்லை பென்னட்டும் அப்படியே வைத்திருக்கிறார். அகராதியைப் பார்த்து ‘உள்ளுணர்வு’ என்று எடுத்தால் நூலின் முதல் பகுதியே புரியாமல் போகும். ஒரு பொருள் நமக்கு நேரடியாகத் தரப்படும் விதம்தான் அது, நம் விஷயத்தில் புலன்கள் வழியாக. காட்சி என்பது அதற்கு எவ்வளவோ நெருக்கம்.

வழக்கமான பாடத்திட்டத்தில் காணாத சிலர் இங்கே இருப்பது இந்தத் தளத்தின் பெரிய கொடை. பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643 மே மாதம் தெகார்த்துக்கு எழுதிய கடிதத்தில், பருப்பொருள் அல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று கேட்டார். பிற்காலத்தில் யாரும் அதைவிடத் தெளிவாகக் கேட்டதில்லை. தெகார்த்தின் பதில்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதைக் கடிதம் கடிதமாகப் பார்க்கலாம். ஆன் கான்வே, மார்கரெட் கேவண்டிஷ், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஆகியோரும் உண்டு. தியானங்களை முடித்தவர் அடுத்து எடுக்க வேண்டியது எலிசபெத் கடிதங்கள்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கோப்பு வடிவம் பற்றிச் சுருக்கமாக. பிடிஎஃப் பக்கங்கள் கிடைமட்டமாக, செய்தித்தாள்போல அருகருகே இரண்டு பத்தியாக அமைந்தவை. கணினியிலும் தாளிலும் அழகு, கைபேசியில் வேதனை. கைபேசிக்கு, திரைக்கேற்ப வரிகள் மடங்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவம் உள்ள நூல்களில் அதை எடுங்கள். கிண்டிலுக்கான பழைய மோபி வடிவத்தை விட்டுவிடலாம். கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் சேவை இப்போது மோபியை ஏற்பதில்லை, ஈபப்பை ஏற்கிறது. ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் எப்போது முதலில் வெளியானது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று இருக்கும். வகுப்பில் பலர் சேர்ந்து படிக்கும்போது எல்லோரிடமும் ஒரே திருத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் எல்லை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதிகளான மில், சிட்ஜ்விக் வரைதான். ஹெகல் இல்லை, நீட்சே இல்லை, 20ஆம் நூற்றாண்டு இல்லவே இல்லை. அதற்கு மேல் போக, 1995இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இலவசத் துணை. ஃப்ரெகே, ஹுசெர்ல், ஹைடெக்கர், விட்கென்ஸ்டைன், ஃபூக்கோ எல்லோருக்கும் துறை அறிஞர்கள் எழுதிய நீண்ட பதிவுகள் உண்டு. ஆனால் அது மூலத்துக்கு மாற்று அல்ல. பல பதிவுகள் ஏற்கெனவே படித்தவரை நோக்கி எழுதப்பட்டவை. தேடும்போது ஆளின் பெயரோடு நிறுத்தாதீர்கள். தெகார்த்துக்கே அறிவாராய்ச்சி, எண்ணங்களின் கோட்பாடு, கடவுள் இருப்பு வாதம் என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஃபார்மல், அப்ஜெக்டிவ் என்ற இரண்டு சொற்களுக்கு எண்ணங்களின் கோட்பாடு பற்றிய பதிவுதான் சரியான இடம். பதிவுகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், மேற்கோளுக்கு ஆண்டில் நான்கு முறை உறையவைத்துச் சேமிக்கும் பதிப்பின் முகவரியைக் கொடுக்க வேண்டும். எப்படிக் குறிப்பிடுவது என்ற தயார் வடிவம் பதிவின் அடியிலேயே கிடைக்கும்.

தமிழில் மொழிபெயர்க்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாக்கின் மூலத்துக்கு எந்த உரிமைத் தடையும் இல்லை. பென்னட்டின் உரைக்கு உண்டு. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அவர் பெயரில் பதிப்புரிமை அறிவிப்பு இருக்கிறது. அவர் உரையை வைத்துத் தமிழாக்கி வெளியிட்டால் அது அவருடைய உரையின் மொழிபெயர்ப்பாகிவிடும், அனுமதி தேவைப்படும். அவரைப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொண்டு, மேசையில் மூலத்தை விரித்து வைத்து, தமிழை அதிலிருந்து எழுத வேண்டும்.